பூனைக்குட்டிக்கு ஸ்நானம் எதற்கு?

சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் முடிந்ததும், வீட்டுக் குழந்தைகளுக்குப் பூனைக்குட்டியையும் குளிப்பாட்டிவிட வேண்டுமென்ற உற்சாகம் பிறந்துவிடுகிறது. பெரியவர்கள் அதைத் தடுப்பதே ஜீவகாருண்யம்.

பிறந்து 4 வாரம் வரையில் குட்டிக்குத் தன் தேக உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளும் சக்தி போதாது. உடல் நனைந்தால் குளிரே அதற்கு யமனாகக்கூடும். தாய்ப்பூனையின் சொரசொரப்பான நாக்கே அதற்கு ஸ்நானமும் சீப்பும். தாயற்ற குட்டி அழுக்கடைந்தால், இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரம் போக்கிக் கதகதப்பாக வையுங்கள். நீரில் கிருமிநாசினி கலக்கவேண்டாம். உடம்பை நக்கும்போது உள்ளே சென்று விஷமாகும். தெள்ளுப்பூச்சிக்குப் பேன்சீப்பு போதும். நாய்களுக்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

வளர்ந்த பூனைக்கோ, எண்ணெயோ சேறோ அப்பினாலன்றி ஸ்நானம் அவசியமில்லை. சுத்தத்தில் அது நமக்கே ஆசான் அல்லவா?