இழுப்பதா? உதவுவதா?



ஒரு செய்தி பார்க்கலாம் என்று செல்போனை எடுக்கிறோம். கீழே வைக்கும்போது ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது. 'உனக்குக் கட்டுப்பாடே இல்லை' என்று வீட்டில் திட்டு விழுகிறது. தப்பு முழுக்க நம்முடையதுதானா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!

புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவில் 'சுபம்' போடுவாங்க. ரீல்ஸுக்கு மட்டும் முடிவே கிடையாது. 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், 'அடுத்த பக்கம்' பட்டனை அழுத்தாமலே திரை நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். வசதிக்காகச் செய்ததுதான். ஆனால் 'போதும்' என்று நின்று யோசிக்கிற இடம் போயிடுச்சு! 2018-ல் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார்.

இன்னொரு சூட்சுமம் அதைவிடப் பழசு. ஸ்கின்னர் என்ற உளவியல் அறிஞர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். எத்தனை முறை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தியது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. டீக்கடையில் ஒரு ஸ்கேன், பின் நம்பர், வேலை முடிந்தது. மறுநாளும் அதையே தேடிப் போறோம். உபயோகம் இருக்கு, அதனால போறோம். ஆனால் 2017-ல் 'தேஸ்' என்ற பெயரில் வந்த இன்றைய கூகுள் பே, பணம் அனுப்பினால் ஸ்கிராட்ச் கார்டும் கொடுத்தது. ஒரு நாள் பரிசு, பல நாள் 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்'! கைக்காசு போகலைதான். ஆனாலும் 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டோடு ஒழிந்த அந்தச் சுரண்டும் ஆசை, செல்போன் வழியா திரும்ப வந்துடுச்சே! புறாவுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

"இழுக்கலேன்னா ஆப் எப்படிப்பா பிழைக்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல தையல்காரரிடம் தீபாவளிக்குத் தீபாவளி ஏன் போறோம்? அவர் நம்மைக் கட்டிப் போட்டா வெச்சிருக்கார்? சட்டை அளவா இருக்கு, போறோம்!

நண்பர்களே, நாளைக்கு ஆப் எழுதப் போறவங்க நாமதான். நாம எழுதுறது நம்ம அம்மா கையிலும், தம்பி கையிலும்தான் இருக்கப் போகுது. அதனால் இறுதியாண்டு பிராஜெக்டிலிருந்தே மூன்று விஷயம் பழகுவோம். வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்று திரை சொல்லட்டும். அவசியம் இருந்தால் மட்டும் நோட்டிபிகேஷன் போகட்டும். சேருவது எவ்வளவு சுலபமோ, விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கட்டும்.

எத்தனை நிமிடம் உட்கார வைத்தோம் என்ற கணக்கை விடுவோம். எத்தனை பேர் வேலையை முடிச்சிட்டு நிம்மதியா எழுந்து போனாங்க என்று எண்ணுவோம். அவங்க நாளைக்கும் நிச்சயம் வருவாங்க!

– இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்