ஜன்னலை ஏற்றிவிட்டுப் பார்க்கும் நிலம்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் தறுவாயில் நமது வார இதழ்களும் நாளிதழ் இணைப்புகளும் ஆண்டுதோறும் ஒரே கட்டுரையை வெளியிடுகின்றன. தலைப்பும் எழுதியவர் பெயரும் மாறும், கட்டுரை மாறாது. உதகை, கொடைக்கானல், சென்னைக்கருகே ஏதேனுமொரு தீம் பார்க் என்று வரிசை போகும். கடைசியில் பிச்சாவரம் வரும். வந்தவுடன் அந்தத் தவிர்க்க முடியாத சொற்றொடரும் வரும்: 'உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு.'

இது பொய். வங்கத்தின் சுந்தரவனம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பிச்சாவரம் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு. உலகம் இருக்கட்டும், தமிழகத்திலேயே முத்துப்பேட்டைக் காடு இதைவிடப் பெரியது. பள்ளிப் பிள்ளைகூட ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடக்கூடிய இந்தச் செய்தியை நமது ஆசிரியர் குழுக்கள் பல்லாண்டுகளாகச் சரிபார்க்காமல் அச்சேற்றுவதை வெறும் சோம்பல் என்று நாம் கருதவில்லை. அந்தப் பொய்க்கு ஒரு வேலை இருக்கிறது. தீம் பார்க் என்பது மிகைச்சொல்லில் வாழ்வது. மிக உயரமான ராட்டினம், மிக நீளமான சறுக்குப்பாதை என்று சொன்னால்தான் அங்கே சீட்டு விற்கும். ஒரு சிறிய காட்டைச் சீட்டு விற்கும் இடமாக்க வேண்டுமானால் முதலில் அதைப் பெரியது என்று சொல்லியாக வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அத்தனை சிறிய இடத்துக்குள் எத்தனை வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்பதே அக்காட்டின் அருமை. அதைச் சொல்ல உழைக்க வேண்டும். 'இரண்டாவது பெரிய' என்று சொல்ல உழைப்பு தேவையில்லை.

தீம் பார்க்குகளின் மீது நமக்கு வன்மம் ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம். 1990களில் தாம்பரத்தருகே கிஷ்கிந்தா திறந்தபோது போய்ச் சிரித்துவிட்டு வந்த தலைமுறைதான் நாமும். விஜிபி வாசலில் அசையாது நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றவர்கள்தாம். அங்கே இருந்த பொய் நேர்மையானது. பாறை சிமெண்டால் ஆனது என்பது கட்டியவருக்கும் தெரியும், சீட்டு வாங்கியவருக்கும் தெரியும். 1955இல் கலிஃபோர்னியாவின் அனாஹைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது அங்கே ஒரு காட்டுப் படகுச் சவாரி அமைத்தார்கள். முதலில் உண்மையான விலங்குகளையே விட எண்ணினாராம் வால்ட் டிஸ்னி. பகலில் அவை உறங்கும், அல்லது ஒளிந்துகொள்ளும் என்று விலங்கியலாளர்கள் சொல்லவே, இயந்திர விலங்குகளைச் செய்து வைத்தார். படகு வரும்போதெல்லாம் நீர்யானை தவறாமல் தலைதூக்கியது. அங்கே பொய்க்காட்டை மெய்க்காடுபோல் ஆக்கினார்கள். நாமோ மெய்க்காட்டிடம் பொய்க்காட்டின் ஒழுங்கை எதிர்பார்க்கிறோம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் பொத்ரியார் 1981இல் வெளியான தமது நூலில் டிஸ்னிலாந்தைப் பற்றி எழுதியதைச் சிற்றிதழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பூங்காவைக் கற்பனை என்று காட்டுவதன் மூலம் அதற்கு வெளியே இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பவைக்கிறார்கள் என்பது அவர் வாதம். இவ்வாதத்தை மேடைதோறும் மேற்கோள் காட்டிய நமது பின்நவீனத்துவ நண்பர்கள், கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒருமுறை காரில் போய் அதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். நம்மூரில் அந்த வாதத்தைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. இங்கே நிலத்தின் ஒரு துண்டை 'பார்க்க வேண்டியது' என்று அறிவிப்பதன் மூலம், மிச்ச நிலம் முழுவதும் பார்க்க வேண்டாதது ஆகிவிடுகிறது.

சென்ற இளவேனிலில் நண்பரொருவருடன் அந்தச் சாலையில் போனோம். தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை. அதனருகே புனித டேவிட் கோட்டையின் எச்சம். 1690இல் ஆங்கிலேயர் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரையிலான ஊர்களெல்லாம் விலையில் சேர்ந்தன. 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். ஊரில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நிலத்தை அதன் மக்களைக் கேளாமலே எல்லை குறித்துவிடலாம் என்னும் வழக்கம் இவ்வட்டாரத்துக்குப் பழையது. பின்னர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கக் கண்டோம். பல வண்ணங்கள், நிழற்படத்துக்கு அழகான காட்சி. அவை அழகுக்காக நிற்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் 61 நாட்கள். நமது சுற்றுலாக் கட்டுரைகளின் வசந்தம், விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானமற்ற இரண்டு மாதங்கள். அதே காலம் கடலில் மீன் பெருகும் காலமும்கூட. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை எந்தக் கோடைச் சிறப்பிதழிலும் நாம் படித்ததில்லை.

முதுநகரைத் தாண்டியதும் நண்பர் பழக்கதோஷமாகச் சொன்னார்: "கண்ணாடிய ஏத்திடுங்க. சிப்காட் வருது, அஞ்சு நிமிஷத்துல தாண்டிடலாம்." நாற்றம் இருந்ததா இல்லையா என்று அறியுமுன்பே கண்ணாடிகள் ஏறிவிட்டன. அவ்வழியே போவோர் பலருக்கும் உள்ள பழக்கம்தான் இது. நண்பரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நமது பயண இலக்கியம் முழுவதும் இந்த ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்துதான் எழுதப்படுகிறது என்பதைச் சொல்லாமல் இருப்பதற்குமில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் தாண்டிப்போவது என்ன? உப்பனாற்றங்கரையில் 1980களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என வேதிப்பொருள் ஆலைகள். அவற்றையொட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, செம்மங்குப்பம் எனும் ஊர்கள். 2004 வாக்கில் இவ்வூர்க்காரர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில், எந்த வேளையில், எந்தத் திசைக் காற்றில் என்ன நாற்றம் வீசியது என்று நாட்குறிப்பு எழுதினார்கள். வேதிப்பொருளின் பெயர் தெரியாத இடத்தில் தாமறிந்த பொருளைச் சொன்னார்கள்: அழுகிய முட்டைபோல, நகப்பூச்சுபோல. 2007இல் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் அப்பகுதிக் காற்றை ஆராய்ந்து, அங்கு வாழ்வோருக்குப் புற்றுநோய் அபாயம் மிக அதிகம் என்றது. 2021 மே 13 அன்று அங்குள்ள பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டனர்.

அந்த நாற்றக் குறிப்பேட்டை இலக்கியம் என்று சொன்னால் நமது விமர்சகர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். நிலம், பொழுது, காற்று, புலன் ஆகிய நான்கையும் வைத்து எழுதப்பட்ட எழுத்து அது. உவமை அலங்காரத்துக்காக வரவில்லை. வேறு வழியில்லாததால் வந்தது. நெய்தல் திணையின் வாரிசுகள் என்று மார்தட்டிக்கொள்ளும் நாம், அத்திணையைப் பாடியவர்கள் புன்னையும் தாழையும் எப்போது பூக்கும், எந்தக் காற்று எந்த மணத்தைக் கொணரும் என்று அறிந்திருந்ததை வகுப்பறையில் வியக்கிறோம். அதே கரையில் இன்று எந்தக் காற்று எதைக் கொணர்கிறது என்று குறித்துவைத்த மக்களை வாசிக்கக்கூட மறுக்கிறோம். கடலூர்–சிதம்பரம் சாலையைப் பற்றித் தமிழ் மக்கள் எழுதியவற்றுள் மிகச் சிறந்த பயணக் குறிப்பு அதுதான் என்பது நமது துணிபு. எழுதியவர்கள் எங்கும் பயணம் போகவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இனிப் பிச்சாவரம். படகில் ஏறியவுடன் சொல்லப்படுவது 'இதயக்கனி' (1975) படமாக்கப்பட்ட இடம். அடுத்து 'தசாவதாரம்' (2008). படகோட்டியின் மேல் பிழையில்லை. ஏறியவர்கள் கேட்பதை அவர் சொல்கிறார். ஓதம் எப்போது ஏறும், எந்த வாய்க்கால் எப்போது வற்றும் என்பது அவருக்குத் தெரியும், கேட்பாரில்லை. அங்கே தில்லை மரம் நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் மரம். பெயர் நகரத்துக்குப் போயிற்று. மரம் நகரத்தைவிட்டு இந்தக் கழிமுகத்தில் ஒதுங்கியிருக்கிறது. தில்லைவாழ் அந்தணர் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய நமது எழுத்தாளர்களுள் எத்தனை பேர் தில்லையைக் கண்டால் அடையாளம் சொல்வார்கள்?

காட்டின் கதையும் உண்டு. முற்காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டியதில் தரை தாழ்ந்து, உப்புநீர் தேங்கி, செடி முளைக்காமல் போயிற்று. 1990களிலிருந்து வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊராரோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, காட்டை மீட்டார்கள். இன்று படகில் போய் நாம் 'இயற்கை' என்று வியப்பதில் ஒரு பகுதி மனிதக் கை நட்டது. அதே சேற்றில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். சுற்றுலாப் படத்தில் அவர்கள் வந்துவிட்டால் நாம் கோணத்தை மாற்றிக்கொள்கிறோம்.

2004 ஆழிப்பேரலையின்போது இக்காடு ஊர்களைக் காத்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் ஆய்வாளர்கள் 18 மீனவ ஊர்களை ஆராய்ந்து 2005இல் அவ்வாறு வெளியிட்டது உண்மை. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் மேட்டு உயரமுமே பெரும்பாலும் உயிர்ச்சேதத்தைத் தீர்மானித்தன என்று மறுத்தார்கள். இவ்விவாதம் நமக்கு முக்கியமானது. காடு காக்கும் என்று மட்டும் நம்பிக் கடலோரத்தில் குடியிருப்போரின் உயிர் அதில் இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்குக் கட்டுரைக்கு விவாதம் ஆகாது. அதற்கு அதிசயம்தான் வேண்டும்.

எதிர்வாதம் நமக்குத் தெரியும். ஆண்டெல்லாம் உழைத்துக் களைத்த மனிதன் இரண்டு நாள் பிள்ளைகளோடு மகிழ்ந்துவிட்டு வரக்கூடாதா? படகோட்டியின் பிழைப்பு என்னாவது? உங்கள் துக்கத்தை எல்லோர் தலையிலும் ஏற்ற வேண்டுமா? நியாயமான கேள்விகள். மகிழ்ச்சியை நாம் எதிர்க்கவில்லை என்பதற்கு அதே வழியிலுள்ள கிள்ளையையே சான்றாக வைக்கிறோம். மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு எழுந்தருளுகிறார். அங்கே தர்காவின் சார்பில் இஸ்லாமியர் அவருக்கு மரியாதை செய்து வரவேற்கிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குரிய கூட்டமும் கடைகளும் இரைச்சலும் அங்கும் உண்டு. ஆனால் அங்கே வருபவன் விருந்தாளி; வரவேற்க ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குப் பெயரும் நினைவும் இருக்கின்றன. வந்தவனுக்கும் சில கடமைகள் உண்டு. தீம் பார்க்கில் வருபவன் நுகர்வோன். எதிரே நிற்பவர் ஊழியர். சீட்டைக் கிழித்ததோடு உறவு தீர்ந்தது. ஒரு மாவட்டத்தையே இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், அதில் வாழ்பவரெல்லாம் ஒன்று ஊழியராவர், அல்லது காட்சியைக் கெடுப்பவராவர்.

அந்தப் பழக்கத்தை ஊட்டுவது எழுத்து. ஆகவே நமது வழக்கு பயணிகளோடு அல்ல. எழுதுகிறவர்களோடும் அதை அச்சிடுகிறவர்களோடும்தான். நண்பரோடு காரில் போகிறவன் தான் படித்ததைத்தான் பார்க்கிறான். அவனுக்கு ஐந்து இடங்களின் பட்டியலைக் கொடுத்தால் ஐந்து இடங்களைப் பார்த்துவிட்டு, நடுவிலுள்ள தூரத்தைத் தூங்கிக் கழிப்பான். நடுவிலுள்ளதைப் பற்றியும் நான்கு வரி எழுதியிருந்தால் விழித்திருப்பான்.

அடுத்த சித்திரைக்கு முன் நமது ஆசிரியர்களிடம் கேட்பது அதிகமில்லை. பிச்சாவரத்தின் பரப்பு 11 சதுர கிலோமீட்டர் என்று அச்சிடுங்கள். தில்லை மரத்தின் படமொன்று போடுங்கள். விசைப்படகுகள் ஏன் கட்டிக்கிடக்கின்றன என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே குடிகாடு என்று ஓர் ஊர் இருக்கிறது என்று சொல்லுங்கள். இவ்வளவையும் சொன்ன பிறகும் வாசகன் படகில் ஏறி மகிழ்வான், அதில் ஐயமில்லை. எங்கே மகிழ்ந்துவிட்டு வந்தோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.