மழை படாத வண்டி

"ஒரு நாள்கூட மழையில் நனையாத வண்டி" என்று பெருமையோடு எழுதி மோட்டார் கார் விற்கிறார்கள். உப்பு மூட்டையைப் பற்றி இப்படி எழுதினால் ஒப்புக்கொள்ளலாம். மணிக்கு 235 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஒரு யந்திரத்துக்கு, நனையாமல் இருந்தது எந்த விதத்தில் பெருமை?

நான் சொல்வது மெர்ஸிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். என்ற ஜெர்மானிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் ஜனங்கள் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள். 1957 வரையில் மூடிய கூரையுடன் 1,400 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் 29 வண்டிகளுக்கு மட்டும் அலுமினிய உடல். கதவுகள் பக்கவாட்டில் திறப்பதில்லை. கடற்பறவை சிறகை விரிப்பதுபோல் மேலே எழும்பும். அதைக் கண்டு மயங்காதவர் இல்லை. ஆனால் அந்தச் சிறகு அலங்காரத்துக்காக முளைத்ததல்ல. மெல்லிய எஃகுக் குழாய்களைக் கோத்து, ஏறக்குறைய 82 கிலோ எடையே உள்ள ஒரு கூட்டை வண்டிக்கு எலும்பாக வைத்தார்கள். அந்தக் கூடு வளையாமல் நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் உயரமாக இருக்க வேண்டும். அப்புறம் சாதாரணக் கதவுக்கு இடம் ஏது? கூரையிலே கீல் வைத்தார்கள். ஓட்டத்துக்காகச் செய்த காரியத்தில் அழகு தானாக வந்து சேர்ந்தது.

இத்தகைய வண்டி ஒன்று, "மிகவும் பத்திரமாக வைத்திருந்தது" என்ற அடைமொழியுடன் விலைக்கு வரும்போது, கூடவே வரும் ஜாபிதாவைப் படித்துப் பாருங்கள். கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் தோற்றுப் போகும். தொழிற்சாலையில் பூசிய அதே வர்ணம். பின்புறத்தில் வைப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த தோல் பெட்டிகள். ஸ்பானர்களைச் சுருட்டி வைத்த பை. எஞ்ஜினில் பொறித்த எண் ஏட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறது என்று ஓர் அத்தாட்சி. எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஓடிய தூரம். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு விலை! அந்தக் காலத்தில் ஜெர்மனியில் 29,000 மார்க்குக்கு விற்ற வண்டி இது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், அலுமினிய உடல் கொண்ட ஒன்று 68 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்குப் போயிற்று.

விலையைக் கண்டு எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. நான் வாங்கப் போவதில்லை என்பதில் அந்த ஒரு சௌகரியம் உண்டு. என் வழக்கெல்லாம் 'பத்திரமாக' என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

இந்த எஞ்ஜினை அறிந்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பார்கள். இதில் கார்புரேட்டர் கிடையாது. ஒரு பம்பு பெட்ரோலை நேராக ஸிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறது. நாலு வீச்சு எஞ்ஜின் வைத்து வரிசையாகத் தயாரித்து விற்ற கார்களில் இந்த ஏற்பாடு முதலில் வந்தது இதில்தான். அந்தப் பம்புக்கு ஒரு குணம். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், எஞ்ஜின் சுழன்று ஓயும் வரையில் அது பெட்ரோலைப் பீச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல், ஸிலிண்டர்ச் சுவரில் படிந்திருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்ஜின் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும். வைத்தியம் என்ன? நெடுந்தூரம் ஓட்டுவதுதான். எண்ணெய் நன்றாகச் சூடேறினால் கலந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். மாதத்துக்கு ஒரு தடவை கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிஷம் உறுமவிட்டு, மறுபடி போர்வையைப் போர்த்தி வைக்கிற புண்ணியவான் என்ன செய்கிறார்? வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தவணை முறையில் கொல்கிறார். ரப்பர் இறுகி வெடிக்கிறது. தேங்கிய பெட்ரோல் பிசினாகிறது. வெளியே வர்ணம் மட்டும் பளபளக்கிறது.

இந்த வண்டியின் குலம் கோத்திரமாவது இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இதற்கு முன்னோடியான பந்தய வண்டி 1952-இல் மெக்ஸிகோவின் நெடுஞ்சாலைப் பந்தயத்தில் ஓடியது. ஓட்டியவர் கார்ல் க்லிங். பக்கத்தில் ஹான்ஸ் க்ளெங்க். அசுர வேகத்தில் போகும்போது ஒரு கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. க்ளெங்கின் முகமெல்லாம் இரத்தம். வண்டியை நிறுத்தச் சொன்னாரா? போகச் சொன்னார்! பிறகு முன்கண்ணாடிக்குக் கம்பிகளை அடித்து, அந்தக் கோலத்திலேயே பந்தயத்தை ஜெயித்தார்கள். அந்த வம்சத்தில் வந்த வண்டியில் இன்றைக்கு ஒரு கீறல் தெரிந்தால் வியாபாரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து விலையைக் குறைக்கிறார்.

விற்பனைக்கென்று செய்த 300 எஸ்.எல். மட்டும் சளைத்ததா? 1955-இல் இத்தாலியின் மில்லே மீல்யா பந்தயத்தில், சுமார் 1,600 கிலோமீட்டர் பொதுச்சாலையில், ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர் அதை ஓட்டி ஐந்தாவதாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவை பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள்.

"இவை சரித்திரச் சின்னங்கள், ஐயா! கெட்டுப்போனால் மறுபடி கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கைபடாத ஒரு வண்டி இருந்தால்தான், அந்த நாளில் தையல் எப்படிப் போட்டார்கள், வர்ணம் எப்படிப் பூசினார்கள் என்று பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ள முடியும். அதற்காக மியூஸியத்தில் ஒன்று இரண்டை வையுங்கள். டிக்கெட் வாங்கி நாலு குழந்தைகளாவது பார்க்கும். 1955-இல் ருடால்ஃப் ஊலன்ஹௌட் என்ற எஞ்ஜினீயர் இரண்டே இரண்டு கூரை போட்ட 300 எஸ்.எல்.ஆர். வண்டிகளை உருவாக்கினார். 2022-இல் கம்பெனி அவற்றில் ஒன்றை 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. இன்னொன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விற்ற பணம் மாணவர் உதவிக்கென்று ஒதுக்கப்பட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊலன்ஹௌட் தம் படைப்பை என்ன செய்தார் தெரியுமா? அதை எடுத்துக்கொண்டு சாலையில் ஆபீஸ் காரியமாகப் போய்வந்துகொண்டிருந்தார்! செய்தவருக்கு இல்லாத பயம் வாங்கினவருக்கு எதற்கு?

உடைந்தால் சரி பண்ண வழி இல்லாமலும் போய்விடவில்லை. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஃபெல்பாக் என்ற ஊரில், பழைய வண்டிகளுக்கென்றே கம்பெனி 1993-இல் ஒரு பட்டறை திறந்தது. எனக்கு வண்டியைவிட அந்தப் பட்டறைக் கைகளைப் பற்றித்தான் கவலை அதிகம். பீச்சுப் பம்பின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் வித்தை, புஸ்தகத்தில் வருவதில்லை. ஓடித் தேய்ந்து வரும் வண்டிகளிடம்தான் கற்க வேண்டும். எல்லா வண்டியும் போர்வைக்குள் தூங்கினால் அந்த வித்தையை இளைஞன் ஒருவன் யாரிடம் கற்பான்?

ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், சந்தோஷம். மில்லே மீல்யாவை 1977 முதல் பழைய வண்டிகளின் நேரக் கணக்குப் பயணமாக மீண்டும் நடத்துகிறார்கள். அதில் 300 எஸ்.எல். வண்டிகளும் வருகின்றன, மழை வந்தால் நனைகின்றன.

ஆகவே, கையில் அவ்வளவு பணம் உள்ள பாக்கியசாலி யாராவது இதைப் படித்தால், ஒரு வார்த்தை. விற்கிறவரிடம் தோல் பெட்டிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது, அதற்குப் பின் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓடியது என்று கேளுங்கள். பிறகு, "வாருங்கள், நூறு கிலோமீட்டர் போய்வரலாம்" என்று கூப்பிடுங்கள். "ஐயோ, மீட்டர் ஏறிவிடுமே!" என்று அவர் பதறினால், சிறகுக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த ரயிலில் ஊர் திரும்புங்கள்.