ஆறாம் வகுப்பில்தான் ஊரும் சேரியும் சந்திக்கின்றன

மே மாதம் பிறந்துவிட்டால் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து நிலையத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தனியார் பள்ளிகளின் பதாகைகள்தான். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஒரு கைபேசி எண், அதற்கும் கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது'. அரசுப் பள்ளிக்கு இந்தப் பதாகை கிடையாது. தலைமையாசிரியரும் நான்கைந்து ஆசிரியர்களும் அட்டை பிடித்த பிள்ளைகளும் மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். இலவசப் பாடநூல், சீருடை, பஸ் பாஸ், மதிய உணவு, ஸ்மார்ட் வகுப்பறை என்று துண்டறிக்கை கொடுப்பார்கள். சேர்க்கைப் பேரணி என்று அதற்குப் பெயர்.

அரசுப் பள்ளியைக் காப்போம் என்று நாமும் அந்தத் துண்டறிக்கையைப் பகிர்கிறோம். பகிர வேண்டியதுதான். ஆனால் அதில் இருப்பதெல்லாம் பள்ளி என்ன தரும் என்ற பட்டியல். பிள்ளை அங்கே எப்படி நடத்தப்படும் என்று ஒரு வரியும் கிடையாது. காலனியிலிருந்து பிள்ளையை அனுப்புகிறவர்கள் மனதில் இருக்கும் முதல் கேள்வியே அதுதான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கடலூர், சிதம்பரம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு இரண்டு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் ஆய்வு. பள்ளிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு பள்ளியைப் பற்றியதாக மாறிவிடும், மற்ற பள்ளிகள் நிம்மதியாகத் தப்பித்துக்கொள்ளும்.

ஒரு ஜூன் மாதம், ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர்த் தெருவிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். காலனியிலிருந்து வந்தவர்கள் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றார்கள். நாற்காலி காலியாக இருந்தபோதும் நின்றார்கள். 'நில்லுங்கள்' என்று ஒருவரும் சொல்லவில்லை, 'வந்து உட்காருங்கள்' என்றும் ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் பேசினார்கள். முடி வெட்டு, காலணி, டி.சி., ஆதார், வங்கிக் கணக்கு, எமிஸ் எண், கைபேசி கொண்டுவரக் கூடாது, தாமதமாக வரக் கூடாது. கடைசியில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். மரத்தடியிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "சார், எம்பொண்ண எங்க சார் ஒக்கார வெப்பீங்க?" ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "எல்லாருக்கும் பெஞ்ச் இருக்கும்மா, கவலப்படாதீங்க" என்றார். நல்ல மனிதர்தான், கேலியாகச் சொல்லவில்லை. கேள்வி அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து அந்த நாற்பது நிமிடத்தில் கேட்கப்பட்ட ஒரே முக்கியமான கேள்வி அது.

ஏன் முக்கியம்? நம் மாவட்டத்துக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊரில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. பல இடங்களில் காலனிக்குள் ஓர் ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளி. ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் அவரவர் தெருவிலேயே படித்துவிடுகிறார்கள். உயர்நிலைப்பள்ளி நாலைந்து கிராமத்துக்கு ஒன்றுதான். ஆகவே ஊர்ப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் ஆறாம் வகுப்பு. வீட்டில் சொல்லிக்கொடுத்த சாதியை அவர்கள் முதல்முறையாகச் சோதித்துப் பார்க்கும் இடமும் அதுவே. பள்ளியைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்துகிறோம் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அன்று அங்கே ஊரும் சேரியும் ஒன்றுக்கொன்று அறிமுகமாகின்றன. அந்த அறிமுகத்தைப் பள்ளி நடத்தாவிட்டால் சாதி நடத்திவிடும்.

இந்த மண்ணுக்கு இது புதிய செய்தி இல்லை. காட்டுமன்னார்கோயிலில் 1924இல் பிறந்த எல்.இளையபெருமாள், தான் படித்த பள்ளியில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர். பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரான அவர் தலைமையில்தான் தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை பற்றியும் ஆராய 1965இல் ஒன்றிய அரசு குழு அமைத்தது. 1969இல் அந்த அறிக்கை வந்தது. வாரிசுரிமை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்ன குழு என்று அதை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தத் தலைவர் சாதியை முதலில் எதிர்கொண்டது கருவறை வாசலில் அல்ல, பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பானையில் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் வேறு வழியில் போனார். நந்தனார் தீயில் இறக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஓமக்குளத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். விடுதியும் வைத்தார். 1959இல் அவர் மறையும்போது அந்தப் பள்ளி தலைமுறைகளை உருவாக்கியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய தலித் ஆசிரியர்களையோ அலுவலர்களையோ கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் யாராவது ஒருவர் நந்தனார் பள்ளி என்பார். பொதுப் பள்ளிக்குள் அவமானம் இருந்த காலத்தில் அவமானம் இல்லாத பள்ளி ஒன்றைக் கட்டியது பெரிய காரியம். அந்தப் பிள்ளையின் அப்பா முதல் நாள் பள்ளி வாசலில் நின்றபோது, எம்பிள்ளையை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்கத் தேவை இருந்திருக்காது.

ஆனால் அந்தத் தீர்வை மட்டும் வைத்துக்கொண்டு இன்று நடக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. மற்றவர்கள் சேரத் தடை ஏதும் இல்லை, ஆனால் ஊர்க்காரர்கள் பிள்ளையை அங்கே அனுப்புவது அரிதிலும் அரிது. அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கலாமா கூடாதா என்று நமக்குள்ளேயே பெரிய விவாதம் நடக்கிறது. ஆசிரியர் பணியிடம் போய்விடும், நிலம் போய்விடும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். என் கருத்து இதுதான்: பெயர்ப் பலகையை மாற்றிவிட்டு உள்ளே அதே பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது இணைப்பு ஆகாது. ஊர்ப் பிள்ளை சேரிக்குள் இருக்கும் பள்ளிக்கு நடந்து வரும் நாளில்தான் இணைந்ததாகச் சொல்லலாம்.

உள்ளே விட்டால் போதும், மற்றது தானாகச் சரியாகும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரத்தை நினைத்துக்கொள்ளட்டும். 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்களை மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். ராணுவத்தால் வாசலைத் திறக்க முடிந்தது. வகுப்பறைக்குள் அந்தப் பிள்ளைகள் ஆண்டு முழுக்க அடியும் வசவும் வாங்கினார்கள். அடுத்த கல்வியாண்டில் இந்த ஏற்பாடு தொடராமல் இருக்க அந்த நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். நம்மூரில் பள்ளியை மூடுவதில்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் அதே கதை. அதிகாரிகளும் அமைச்சர்களும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் சொன்னதுதான் அவர் செய்த குற்றம். அதற்குப் பிறகு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக் கூடாது, சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் பள்ளிக்குள் வரக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது. நம்மில் பலர் படித்துவிட்டுப் பகிர்ந்தோம், சிலர் போதாது என்று எழுதினோம். அந்த அம்மாவின் கேள்விக்கு அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்ட நேரடியான பதில் அதில் இருக்கிறது: அகர வரிசைப்படி. பெற்றோர் கூட்டத்தில் நின்று இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆள் இல்லை.

சுற்றறிக்கை மட்டும் வந்தால் போதாது என்பதற்கு 2019ஐப் பார்க்கலாம். சாதிக் கயிற்றைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். எதிர்ப்புக் குரல் எழுந்ததும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது.

உதவித்தொகை பற்றிய பரிந்துரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தகவலை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அறிவிக்காமல் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது குழு. சின்ன விஷயமாகத் தோன்றும். நான் ஆறாம் வகுப்பு சேர்ந்த இரண்டாவது வாரத்தில், கையில் தாளோடு வந்த ஆசிரியர், "எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். பன்னிரண்டு பேர் எழுந்தோம். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேனாவில் மை வாங்கிய பையன் மறுநாள் காலை வேறு பெஞ்சில் இருந்தான். சண்டை இல்லை, வசவு இல்லை. அந்த உதவித்தொகை வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை, எழுந்து நின்றது நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் முற்போக்குத் தோழர்களோடு எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதக் கட்டத்தை நிரப்பாமல் விடலாம் என்று 1973இலும் 2000இலும் தமிழ்நாட்டு அரசாணைகள் வந்திருக்கின்றன. பெருமையாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம். சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர்களின் அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் அதையே எல்லோருக்கும் வழியாகச் சொல்ல முடியாது. காலனியிலிருந்து முதல் தலைமுறையாக வரும் பிள்ளை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் இழப்பது சாதியை அல்ல, இட ஒதுக்கீட்டை. தெருவில் எல்லோருக்கும் அதன் சாதி தெரியும், அரசாங்கக் கோப்புக்கு மட்டும் தெரியாது. நாம் கேட்க வேண்டியது வேறு: சாதி கோப்பில் இருக்கட்டும், தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டியிருக்கட்டும், வகுப்பறையின் வாயில் வரக் கூடாது.

கூட்டத்தில் சொல்லாமல் விடப்படும் இன்னொன்றும் இருக்கிறது. 2020இலிருந்து மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021இலிருந்து பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. ஆறிலிருந்து எட்டு வரை கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, பணம் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கடனும் மிச்சம், ஒதுக்கீடும் போச்சு. ஆறாம் வகுப்பு வாசலில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்தின் கணக்கே மாறியிருக்கும்.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழியைப் போட நான் தயாரில்லை. பல உயர்நிலைப்பள்ளிகளில் எழுத்தர் இல்லை, எமிஸ் பதிவேற்றத்தையும் ஆசிரியரே செய்கிறார். உண்மையிலேயே பேச விரும்பும் தலைமையாசிரியருக்கும் ஊர்ப் பெரியவர்கள் பற்றிய பயம் இருக்கிறது. 'இங்கே அகர வரிசைப்படிதான்' என்று அவர் தனியாகச் சொன்னால் அது அவருடைய விருப்பமாகிவிடும், அடுத்த ஆண்டு இடமாறுதலில் போய் முடியும். பக்கத்தில் நாலு பேர் நிற்க வேண்டும்.

நிற்க இடம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம். 2024இல் தமிழ்நாட்டில் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் பலர் ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் முன்னாள் மாணவர். ஊர்ப் பிரமுகரும் அவர் மைத்துனரும் அந்த இடத்தை நிரப்பும் முன்னால் நீங்கள் போய்க் கேளுங்கள். உங்கள் பள்ளியில் குழுத் தலைவர் யார், காலனியிலிருந்து எத்தனை பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறார்களா அல்லது வீட்டுக்கே நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த ஜூன் கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இருக்கை அகர வரிசைப்படி, உதவித்தொகைத் தகவல் தனியாக, தண்ணீரும் தட்டும் எல்லோருக்கும் ஒன்று, அடிக்க எவருக்கும் உரிமை இல்லை, புகாரை இன்னாரிடம் சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து, தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட்டு, பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக மைக்கில் வாசிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே வாசிக்க வேண்டும், ஏனென்றால் அது அவர்களுக்கும் சொல்லப்படுவது. சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் முன்னாள் மாணவர்கள் மூன்று பேர் இதற்குத் தலைமையாசிரியரின் சம்மதத்தை வாங்கியிருக்கிறார்கள். இப்போதைக்கு அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம், நாற்காலிகளை வரிசையாகப் போடுவதா, வட்டமாகப் போடுவதா என்பது.