கேக்காம எரியிற விளக்கு

"ஏன்டா, அந்த மூலையிலேர்ந்து ராத்திரி பூரா என்னையே பாத்துக்கிட்டு இருக்கே, அது என்னடா?"

காலையில காபி குடிச்சிக்கிட்டே அம்மா இப்படிக் கேட்டப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல. அறைக்குள்ள போய்ப் பாத்தேன், பகல்ல ஒண்ணும் தெரியல. அன்னிக்கு ராத்திரி அம்மா கட்டில்ல நானே படுத்துப் பாத்தேன். லைட்ட அணைச்ச ரெண்டு நிமிஷத்துல ஒவ்வொண்ணா முழிக்க ஆரம்பிச்சிது. பையன் வீட்டிலேர்ந்து வேலை பாக்கணும்னு போட்ட ரௌட்டர்ல நாலு, அதுல ரெண்டு விடாம துடிக்குது. டிவியில ஒண்ணு, செட்டாப் பாக்ஸ்ல ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒண்ணு, சுவிட்ச் போர்டுல ஒண்ணு, கொசு மருந்து மிஷின்ல ஒண்ணு. வாசப்படிக்கு அந்தாண்ட இன்வெர்ட்டர்ல ரெண்டு. ஆக 11 விளக்கு. ஒரு கிழவி தூங்குறதுக்கு இத்தனை பேரு காவல்.

அம்மாவுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் கண்புரை ஆபரேஷன் நடந்துச்சு. வயசானா கண்ணுல இருக்கிற லென்ஸ் மஞ்சளாயிடும், நீல வெளிச்சத்த அது பாதி தடுத்துடும். அத எடுத்துட்டுப் புது லென்ஸ் வச்சதும் நீலம் பளிச்சுன்னு தெரிய ஆரம்பிக்கும். எங்க யாருக்கும் உறுத்தாத ரௌட்டர் விளக்கு அவங்களுக்குக் கண்ணுல குத்தினது இதனாலதான். ஆறு மாசமா செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காங்க. நாங்க வயசாயிட்டா தூக்கம் வராதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்.

விளக்கு மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. நானே விளக்க நம்பிப் பொழைக்கிறவன். எங்க திருவாரூர் பக்கம் போர்செட் வச்சிருக்கிற யாரையும் கேளுங்க. மோட்டார் கொட்டகையில சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு விளக்கு இருக்கும். மூணும் எரிஞ்சா மும்முனை கரண்ட் வந்தாச்சுன்னு அர்த்தம். ஒண்ணு மங்கலா இருந்தா மோட்டார போடக்கூடாது, போட்டா காயில் எரிஞ்சிடும். நடு ராத்திரியில வரப்புல நின்னு அந்த மூணு விளக்கத் தேடாத நாள் கிடையாது. அந்த விளக்கு எனக்கு ஒரு சேதி சொல்லுது. தூங்குற அறையில எரியிற டிவி விளக்கு என்ன சேதி சொல்லுது? "நான் அணைஞ்சிருக்கேன்"னு சொல்லுது. அணைஞ்சிருக்கிறத சொல்ல ஒரு விளக்கு!

இதுல நிறத்துக்கும் பங்கு இருக்கு. கண்ணுக்குத் தெரியிற எல்.இ.டி 1962-ல முதல்ல வந்தப்ப அது சிவப்பு. நல்லா எரியிற நீல எல்.இ.டி 1990-கள்லதான் வந்துச்சு. அதக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014-ல நோபல் பரிசு குடுத்தாங்க. இன்னிக்கு நம்ம வீட்டுல எரியிற வெள்ளை பல்பெல்லாம் அந்தப் புண்ணியத்துலதான். ஆனா நீலம் புதுசா, பகட்டா இருக்குன்னு எல்லாப் பொருள்லயும் ஒரு பொட்டு வச்சு அனுப்பிட்டாங்க. இருட்டுல நம்ம கண்ணுக்குச் சிவப்பு மங்கும், நீலம் தூக்கலாத் தெரியும். ராத்திரி நேரத்துக்கு அதவிடப் பொருத்தமில்லாத நிறம் இல்ல.

இருட்டுன்னா சும்மா வெளிச்சம் இல்லாத நேரம்னு நாம நெனைக்கிறோம். பயிரு அப்படி நெனைக்கிறதில்ல. எங்க ஊர்ல ரோட்டோரமா ஒரு வயல்ல ஒரு வருஷம் மாப்பிள்ளைச் சம்பா நட்டிருந்தாங்க. வயல் பூரா கதிர் வந்தாச்சு. தெருவிளக்குக்குக் கீழ ஒரு வட்டம் மட்டும் பச்சையாவே நின்னுச்சு. பழைய சம்பா ரகமெல்லாம் ராத்திரி நீளுறத கணக்கு வச்சுத்தான் கதிர் விடும். விளக்கு அந்தக் கணக்கக் கெடுத்துடுச்சு. ஓசூர் பக்கம் செவ்வந்தி போடுறவங்க இதையே தொழிலாக்கி, ராத்திரி பல்பு போட்டுப் பூக்குற நாளத் தள்ளி வைக்கிறாங்க.

மனுஷன் நெல்லு இல்லதான். கடுகளவு விளக்கு உடம்பக் கெடுத்துடும்னு நான் பயமுறுத்த வரல. ஆனா பயிருக்கே இருட்டு ஒரு தேவைன்னா, நாள் பூரா ஒழைச்சவனுக்கு அது வேண்டாமா?

சரி, என்ன செஞ்சேன்னு சொல்றேன். முதல்ல கறுப்பு இன்சுலேஷன் டேப்ப எடுத்துக் கண்ணுல பட்டதெல்லாம் ஒட்டினேன். ரெண்டு தப்பு பண்ணிட்டேன். ஒண்ணு, டிவியில விளக்குக்குப் பக்கத்துலயேதான் ரிமோட்ட உணருற கண்ணும் இருந்திருக்கு. மறுநாள் ரிமோட் வேலை செய்யல. புது செல் வாங்கிப் போட்டும் பாத்துட்டு, அப்புறந்தான் டேப்பு ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது தப்பு பெருசு. இன்வெர்ட்டர் விளக்கையும் மூடிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் அதுக்குப் போற லைன்ல டிரிப்பர் விழுந்திருக்கு. ஃபேன் பேட்டரியில ஓடுறது யாருக்கும் தெரியல. அது பீப் அடிச்சத செல்போன்னு நெனச்சுப் புரண்டு படுத்தேன். ரெண்டு மணிக்கு எல்லாம் நின்னு போச்சு. தெருவே கரண்ட் இல்லன்னு வெளிய வந்து பாத்தா எதுத்த வீட்டுல லைட்டு எரியுது.

அதுலேர்ந்து எனக்கு ஒரு கணக்கு புரிஞ்சிது. சேதி சொல்ற விளக்க மூடாதீங்க, இடத்த மாத்துங்க, இல்ல மொகத்தத் திருப்பி வைங்க. ரௌட்டர கூடத்துக்கு மாத்திட்டோம். அதுக்கு ஒரு நீளமான வயர்தான் செலவு. சில ரௌட்டர், டிவியில செட்டிங்ஸ்லயே விளக்க அணைக்க வழி இருக்கு, பிள்ளைங்கள விட்டுப் பாக்கச் சொல்லுங்க. செட்டாப் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டையும் படுக்கப் போறப்ப சுவிட்சுல அணைச்சிட்டா முடிஞ்சிது. மிச்சத்துக்கு என் வீட்டுக்காரி சொன்ன வைத்தியந்தான் ஒசத்தி: ஸ்டிக்கர் பொட்டு. கறுப்புப் பொட்டு வச்சா அளவெடுத்த மாதிரி மூடிக்குது. மங்கலாத் தெரிஞ்சா போதும்னா வெள்ளைப் பிளாஸ்திரி ரெண்டு அடுக்கு. எத ஒட்டினாலும் சூடு வெளிய போற ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க.

இருட்டு வேணும்னு கும்மிருட்டாவும் ஆக்கிடல. வயசானவங்க ராத்திரி எந்திரிச்சுப் போகணும், தடுக்கி விழுந்தா எலும்பு கூடாது. கதவோரம் தரையோட தரையா ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு போட்டு, சுவிட்ச அம்மா கைக்கு எட்டுற மாதிரி வச்சேன். வேணும்னா அவங்களே போடுறாங்க, வேண்டாம்னா அணைக்கிறாங்க. அந்தக் காலத்துல சிம்னி விளக்குத் திரியத் தணிச்சு வச்ச மாதிரி. அது நாம ஏத்துற விளக்கு. மத்ததெல்லாம் கேக்காம எரியிற விளக்கு.

பொருள் செய்யிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். விளக்கு வைங்க, கூடவே அத அணைக்க ஒரு பொத்தானும் வைங்க. பெரிய செலவு ஒண்ணும் ஆவாது.

நீங்க இன்னிக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்க. உங்க அப்பா அம்மா படுக்கிற கட்டில்ல, லைட்ட அணைச்சிட்டு அஞ்சு நிமிஷம் படுத்துப் பாருங்க. எங்க வீட்டுல அம்மா இப்பெல்லாம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்கிறதில்ல.