வெள்ளை மாவும் விட்டுப்போன மஞ்சளும்

திருகோணமலையின் சல்லிக் கடற்கரையிலும், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் பாணும் றொட்டியும் அன்றாட உணவாகிவிட்டன. சீனக்குடாவில் பெரும் மாவாலை இயங்குகின்றபோதிலும், அங்கு அரைபடும் கோதுமை கப்பலில் வருவதே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது இதன் விபரீதத்தை நாம் உணர்ந்தோம். விலையைப் பற்றிப் பேசிய நாம், மாவின் சத்தைப் பற்றிப் பேசவில்லை.

கோதுமை மணிக்கு மஞ்சள் நிறமளிப்பவை கரோட்டினாய்டுகள். அவற்றுள் முதன்மையானது லூட்டின். அதன் அளவைத் தீர்மானிப்பதில் பைட்டோயீன் சிந்தேஸ் என்னும் நொதியத்துக்குரிய மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு. பாஸ்தாவுக்கான டூரம் கோதுமையில் மஞ்சளும், பாணுக்கான கோதுமையில் வெண்மையும் விரும்பப்பட்டன. சந்தையின் கண்ணுக்கேற்பவே இனங்கள் தெரிவாகின.

எனினும், மஞ்சள் மா வந்துவிட்டால் குறை தீருமென எண்ணுவது தவறு. லூட்டின் விழித்திரைக்கு உகந்தது. ஆனால் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. மாறுவது பீற்றா கரோட்டின். அதற்கென உருவாக்கப்பட்ட பொன்னரிசிக்கு 2021இல் பிலிப்பைன்ஸ் வழங்கிய அனுமதியும் 2024இல் நீதிமன்றத்தால் தடைப்பட்டது.

நாம் விளைவிக்காத தானியத்தின் மரபணுவை நாம் தீர்மானிக்க இயலாது. ஆனால் பூசணியும் பப்பாசியும் முருங்கையிலையும் எமது வளவுகளிலேயே விளைகின்றன. பாடசாலை மதிய உணவிலும் நோன்புக் கஞ்சியிலும் அவற்றுக்கு இடமளிப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பொறுப்புடையோர் இதனைக் கவனத்திற்கொள்வார்களா?