லண்டனில் டொக்டர் படிப்பு: காணி உறுதியை எடுக்குமுன் சில கணக்குகள்

கடந்த ஓகஸ்ட் கடைசியில் ஒரு பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மகளின் உயர்தரப் பெறுபேறு, கொழும்பிலுள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர் நிலையத்தின் வர்ணக் கையேடு, தென்னங்காணி உறுதியின் போட்டோப் பிரதி.

"சேர், மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரணும். லண்டனுக்கு டொக்டருக்குப் படிக்கப் போடப் போறம். காசைக் கட்டினா ஆறு மாசத்தில எல்லாம் சரிவரும் எண்டு சொல்றாங்க."

அந்தப் பிள்ளையைச் சாதாரண தரம் வரை நான்தான் படிப்பித்தேன். எலுவன்குளத்திலிருந்து விடிய முன்பே பஸ் ஏறி, புத்தளம் டவுனுக்குப் போய், தமிழ் மொழிமூலம் உயிரியல் படித்தவள். 2024 உயர்தரத்தில் ஒரு ஏ, இரண்டு பீ. அது அவளுடைய இரண்டாவது முயற்சி. மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். "கொஞ்சம்" என்ற அந்தச் சொல்லில்தான் எத்தனை வீடுகளின் நித்திரை போகிறது என்பது உயர்தரப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்குத் தெரியும்.

கடிதம் எழுத ஒப்புக்கொண்டேன். ஆனால் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. இரண்டு கிழமை உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததில் பாதியாவது மற்றப் பெற்றோருக்கும் பிரயோசனப்படும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் யூகாஸ் என்ற நிறுவனத்தின் ஊடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்கு முடிவுத் திகதி, படிப்பு தொடங்குவதற்கு முந்திய வருடம் ஒக்டோபர் 15. ஒரு பிள்ளை நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் போடலாம். அதற்கு முன்னர் யூகாட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். அது ஜூலையில் தொடங்கி செப்டம்பரோடு முடிந்துவிடும், வருடத்தில் ஒருதரம்தான் எழுதலாம். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்றவை முன்பு வைத்திருந்த பீமாட் பரீட்சை 2023 உடன் நின்றுபோய், இப்போது அவையும் யூகாட்டுக்கு வந்துவிட்டன. புள்ளி போதுமென்றால் நேர்முகப் பரீட்சை. அதற்குப் பிறகுதான் இடம் உண்டா இல்லையா என்ற பேச்சு. ஓகஸ்ட் கடைசியில் வந்த ஒரு தகப்பனிடம் "ஆறு மாசத்தில சரிவரும்" என்று சொன்னவர், அடுத்து வரும் ஒக்டோபரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் மருத்துவப் படிப்பு இடங்களின் எண்ணிக்கையை அரசாங்கமே கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென நீண்டகாலமாக ஒதுக்கப்பட்டு வருவது சுமார் 7.5 சதவீதம். நூறு கதிரையில் ஏழெட்டு. அந்த ஏழெட்டுக்குச் சிங்கப்பூர், ஹொங்கொங், மலேசியா, வளைகுடா, இந்தியா என்று உலகமே வரிசையில் நிற்கிறது. சில கல்லூரிகள் வெளிநாட்டவரை எடுப்பதே இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. 2022 இல் தொடங்கிய புறூனல் மருத்துவக் கல்லூரி தன் முதல் தொகுதியாக வெளிநாட்டு மாணவர்களையே எடுத்தது. ஆகவே கதவு முற்றாக மூடியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே கேள்வி.

பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது மூன்று ஏ, அல்லது அதற்கும் மேல். எங்கள் உள்ளூர் உயர்தரத்தை ஏற்பதிலும் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் இருக்கிறது, ஒவ்வொன்றிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். இனி யோசித்துப் பாருங்கள். புத்தளம் மாவட்டத்திலிருந்து உயிரியல் பிரிவில் மூன்று ஏ எடுக்கும் பிள்ளைக்கு, இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் சேர்ந்து பெரும்பாலும் இங்கேயே, இலவசமாக, மருத்துவபீடம் கிடைத்துவிடும். இங்கே தவறிய பிள்ளை அந்த மூன்று ஏ இல்லாததால்தான் தவறியது. அதாவது, எந்தப் பிள்ளைக்கு லண்டன் மாற்றுவழி என்று கையேடு விற்கப்படுகிறதோ, அந்தப் பிள்ளைக்கே லண்டன் கிடைப்பது கஷ்டம். இந்த ஒரு விஷயத்தை அந்தச் சகோதரருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அவர் விளங்காதவரல்ல. நம்பிக்கையை விட மனமில்லாதவர்.

காசுக் கணக்கு. பிரித்தானியப் பிள்ளைக்கு 2025 இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதே வகுப்பில் 40,000 இலிருந்து 60,000 பவுண், சில இடங்களில் அதற்கும் மேல். நடுவாக 45,000 என்று வைப்போம். சாப்பாடு, வாடகை, பஸ் எல்லாம் சேர்த்து வருடம் 14,000. படிப்பு குறைந்தது ஐந்து வருடம், பல இடங்களில் ஆறு. ஐந்து வருடத்துக்கே 295,000 பவுண். பவுண் 400 ரூபா கணக்கில் 11 கோடியே 80 இலட்சம். வீசாவோடு கட்டும் சுகாதார வரி வருடம் 776 பவுண், அது இதற்குள் இல்லை. அந்தத் தென்னங்காணி முழுவதையும் விற்றாலும் முதல் வருடத்தின் முதல் தவணை வருமா என்பது சந்தேகம்.

"ஸ்கொலசிப் எடுத்துத் தருவாங்களாம்" என்றார். செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கானது. பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் பட்டப்பின்படிப்புக்கே. முதல் மருத்துவப் பட்டத்துக்கு முழுச் செலவையும் ஏற்கும் உதவி வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது மிக அரிது. முகவர் காட்டும் "ஸ்கொலசிப்" அனேகமாகக் கட்டணத்தில் ஓரிரண்டாயிரம் பவுண் கழிவு. மிச்சத்துக்கு அவர்களே வங்கிக் கடனையும் காட்டுவார்கள். வட்டியைப் பற்றி மிம்பரில் எத்தனை குத்பா கேட்டிருக்கிறோம்! பிள்ளையின் படிப்பு என்று வரும்போது அந்தப் பேச்சு மெல்லிதாகிவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. பத்துக் கோடிக் கடனை ஒரு விவசாயி எப்படி அடைப்பார் என்று கேட்பது ஒரு வாத்தியாரின் வேலையும்தான்.

இதிலே இன்னொரு வித்தை இருக்கிறது. லண்டன் என்பது பல முகவர்களுக்கு வாசலில் மாட்டிய பலகை மட்டுமே. உள்ளே போனதும் "இந்த வருஷம் லண்டன் பிந்திட்டு, ஃபவுண்டேஷன் செய்யலாம்" என்பார்கள். அந்த ஃபவுண்டேஷன் வருடங்கள் பெரும்பாலும் உயிர்மருத்துவ விஞ்ஞானம் போன்ற பட்டங்களுக்குத்தான் கொண்டுபோகும், மருத்துவத்துக்கு உத்தரவாதம் இல்லை. அல்லது பேச்சு பெலாரஸ், ரஷ்யா, சீனா, ஜோர்ஜியா என்று திரும்பும். அந்த நாடுகளில் படித்து நல்ல வைத்தியர்களானோர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் போகுமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? பிள்ளையிடம் 2018 வர்த்தமானி கேட்கும் குறைந்தபட்ச உயர்தரத் தகுதி, அதாவது இரண்டு சீயும் ஒரு எஸ்ஸும், இருக்கிறதா? இவை இல்லாமல் பட்டம் எடுத்து வந்தால் இங்கே பதிவுப் பரீட்சை எழுதவே வழியில்லாமல் போகும். தூரதேசத்தில் என்ன நடக்கும் என்பதும் நம் கையில் இல்லை. 2020 பெப்ரவரியில் வூஹானில் அகப்பட்ட 33 மாணவரை விமானம் அனுப்பி எடுத்துவர வேண்டியிருந்தது. 2022 இல் உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த பல நாட்டுப் பிள்ளைகள் புத்தகப்பையோடு எல்லைக்கு நடந்தார்கள்.

முகவர் சொன்னதில் உண்மையும் ஒன்று இருந்தது, அதை மறைப்பது நியாயமில்லை. 2025 ஜூலையில் இங்கிலாந்து அரசு வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், வைத்தியர் பயிற்சி இடங்களில் பிரித்தானியாவில் படித்து வெளியேறுவோருக்கு முன்னுரிமை என்கிறது. நம் நாட்டவர் இதுவரை போன வழி வேறு. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்பிலேயே பிளாப் முதற்பகுதி எழுதி, இரண்டாம் பகுதிக்கு மன்செஸ்டர் போவது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் அந்த வழியால் போனார்கள் என்பதை எந்த ஆஸ்பத்திரி வாட்டிலும் கேட்டுப் பாருங்கள். அந்த வழி இனி ஒடுங்கும். ஆனாலும் அது ஒரு ஏழைப் பிள்ளையால் நடக்கக்கூடிய வழி. பட்டம் இலவசம், பரீட்சைக் கட்டணம் சம்பளத்திலிருந்து. விசேட வைத்திய நிபுணராகப் பயிற்சி பெறுவோரை அரசாங்கமே வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதும் உண்டு, பலர் போவது பிரித்தானியாவுக்குத்தான்.

ஆகவே லண்டனுக்கான குறுக்குவழியும் புத்தளம் மாவட்ட வெட்டுப்புள்ளி ஊடாகத்தான் போகிறது என்பது என் அபிப்பிராயம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட சனத்தொகைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. இந்தச் சலுகையை நாம் எவ்வளவு பாவிக்கிறோம்? 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சகோதரர்கள் இங்கே வந்த காலத்தில், "எங்கட கோட்டாவை அவங்க எடுத்துட்டாங்க" என்று ஒரு முணுமுணுப்பு இருந்தது. இன்றும் சில வாயில் கேட்கிறேன். கோட்டா நழுவுவதற்கான காரணத்தைப் பக்கத்து வீட்டில் தேடுவதைவிட, தமிழ் மொழிமூலம் பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லாமல் கிடக்கும் வகுப்பறையில் தேடலாம். டியூஷனுக்காகப் பிள்ளைகள் டவுனில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பெண்பிள்ளை என்றால் அந்த அறையும் இல்லை, கடைசி பஸ் போனால் பாடமும் போச்சு.

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1934 இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் போனவர். சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதும் திரும்பி வந்து, அந்தச் சேவையின் முதல் முஸ்லிம் அதிகாரியானார். கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது நம் சமூகத்தின் கல்வி நிலையை நேரில் கண்டார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜைக் கண்ட மனிதர், கெட்டித்தனம் இருந்தும் காசில்லாமல் இந்த நாட்டிலேயே படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளுக்காகத்தான் அந்த நிதியை உண்டாக்கினார். 11 கோடியே 80 இலட்சத்தில் நூறில் ஒரு பங்கு, 12 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஜமாஅத் அதைச் சேர்த்தால் பௌதிகவியலுக்கு ஓர் ஆசிரியரை மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். பள்ளி நிர்வாகங்கள் மினாராவுக்குச் சேர்க்கும் காசைப் பற்றி எழுதினால் கோபப்படுவார்கள், எழுதாமல் விடுகிறேன்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். தகப்பனிடம் நான் எவ்வளவு சொல்லியும் தீரவில்லை. கடைசியில் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னேன். யூகாட் இணையத்தளத்தில் மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. என் மடிக்கணினியில் மொழித்திறன் பகுதியைத் திறந்து கொடுத்தேன். 44 கேள்வி, 22 நிமிடம், எல்லாம் ஆங்கிலப் பந்திகள். அரை நிமிடத்துக்கு ஒரு கேள்வி. நேரம் முடிந்தபோது பத்தொன்பதாவது கேள்வியில் நின்றாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வாப்பாவைப் பார்த்து, "நான் மூணாம்தரம் எழுதுறன் வாப்பா" என்றாள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைதான் எழுதலாம். இதுவே கடைசி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, உறையை மடித்துக்கொண்டார்.

நவம்பரில் பரீட்சை தொடங்கியது. மாதக் கடைசியில் டித்வா புயல். கலா ஓயா பெருகி ஊருக்குள் வந்தது. 2024 இலும் மழையால் பரீட்சை சில நாட்கள் நின்றது, இம்முறை மிச்சப் பாடங்கள் ஜனவரிக்கே தள்ளப்பட்டன. அவள் குறிப்புப் புத்தகங்களைப் பாணிப் பரணில் ஏற்றி வைத்ததால் அவை தப்பின. ஜனவரியில் போய் எழுதிவிட்டு வந்தாள். பெறுபேறு இன்னும் வரவில்லை.

நான் எழுதத் தொடங்கிய கடிதம் பாதியில் கணினியில் கிடக்கிறது. யூகாஸ் ஆசிரியர் கடிதத்துக்கு மூன்று பகுதி வைத்திருக்கிறது. முதலாவது பாடசாலையைப் பற்றி. இரண்டாவது, மாணவரின் பெறுபேற்றைப் பாதித்த விசேட சூழ்நிலை ஏதும் இருந்தால். அந்த இரண்டாவதில்தான் நிறைய எழுதியிருந்தேன்: கொரோனாவில் மூடிய பாடசாலை, 2022 இல் டீசல் இல்லாமல் ஓடாத பஸ், ஒரு வருடமாக ஆசிரியர் இல்லாத பாடம், சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் ஓடும் ஆற்றுத் தண்ணீர். லண்டனில் யாருக்கும் அதை அனுப்பத் தேவை வரவில்லை. அந்தப் பந்தியைச் சிங்களத்திலும் மொழிபெயர்த்து, இந்தக் கிழமை வலயக் கல்விப் பணிமனைக்குக் கொண்டுபோகப் போகிறேன்.